பகலில் எரிகல் தெரியுமா? தெரிந்தால் என்ன அளக்க வேண்டும்?

கரிசல் | ஜூன் 3, இரவு 9.12

1972-ல அமெரிக்காவில பட்டப்பகல்ல எரிகல் போனதா ஒரு பழைய பிலிம் சுத்துது. கீழ ஏரி, பின்னால மலை, நீல வானத்துல ஒரு வெள்ளைப் பொட்டு வாலோட போகுது. எனக்கு அது ஜெட் விமானம், இல்லன்னா ராக்கெட்டுன்னுதான் படுது. வெள்ளிக் கிரகமே பகல்ல தெரியாது, ஒரு கல்லு எப்படித் தெரியும்?

இன்னொன்னு. 2013-ல ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் நகரத்து மேல வெடிச்ச எரிகல்லோட வீடியோக்கள்ல கல்லு அடுத்த தெருவுல விழுற மாதிரி இருக்கு. ஆனா பெரிய துண்டு கிடைச்சது நகரத்துக்கு 70 கி.மீ. மேற்கே, செபர்குல் ஏரியில. கண்ணு அவ்வளவு தப்பாவா சொல்லும்?

கோடைமலை | ஜூன் 3, இரவு 10.40

வெள்ளி பகலில் தெரியும். ஒளியளவு −4.5 பக்கம் இருக்கும் நாட்களில் (இந்த அளவில் எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பிரகாசம்) சூரியனை ஒரு சுவரால் மறைத்துக்கொண்டு, இடம் தெரிந்து பார்த்தால் நீலத்தில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். வெற்று நீலத்தில் கண் எதன்மீதும் குவியாததால் தேடிப் பிடிப்பதுதான் கடினம். எரிகல் நகர்கிறது. ஓரக்கண்ணில் பட்டாலே தலை தானாகத் திரும்பிவிடும்.

சூரியனை விட்டு விலகிய வானில், சுமார் −6-ஐத் தாண்டினால் பகலில் கண்ணில் படும். அது வெள்ளியைப்போல் நாலு மடங்கு ஒளி. சூரியனுக்கு அருகே என்றால் இன்னும் அதிகம் வேண்டும். முழுநிலவு −12.7, சூரியன் −26.7 என்று வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 2.5 மடங்கு.

சின்னக் கல்லுக்கு அவ்வளவு ஒளி எங்கிருந்து என்றால், வேகத்திலிருந்து. நொடிக்கு 15 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு கிலோ கல்லின் இயக்க ஆற்றல், ஒரு கிலோ டி.என்.டி. வெடிப்பதைப்போல் 27 மடங்கு. அதில் ஒரு பங்கு வெளிச்சமாகிறது. நாம் பார்ப்பது கல்லை மட்டும் இல்லை, அதைச் சுற்றிக் கொதிக்கும் காற்றையும் ஆவியையும்தான். சுமார் 10 செ.மீ. கல் ஒன்று முழுநிலவு அளவுக்கு ஒளிவிட முடியும்.

1972 படம் உண்மையானது. ஆகஸ்ட் 10, உள்ளூர் நேரம் பிற்பகல் 2.30 சுமாருக்கு யூட்டா மாநிலத்தின் மேல் தெரிய ஆரம்பித்து, வயோமிங், மொன்டானா வழியாகக் கனடாவின் ஆல்பர்ட்டா வரை போனது. மொத்தம் 100 நொடி, சுமார் 1,500 கி.மீ. எந்த விமானமும் 100 நொடியில் அவ்வளவு தூரம் போகாது. அமெரிக்க விமானப்படையின் அகச்சிவப்பு செயற்கைக்கோளும் அதே பாதையைப் பதிவு செய்தது. மிகவும் தாழ்ந்தது மொன்டானா மேல், தரையிலிருந்து சுமார் 58 கி.மீ. அங்கிருந்து மறுபடி மேலேறி விண்வெளிக்கே திரும்பிவிட்டது. கல்லின் குறுக்களவு பற்றிய மதிப்பீடுகள் 3 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை பரவிக் கிடக்கின்றன.

கோடைமலை | ஜூன் 4, காலை 6.25

இரண்டாம் கேள்வி. வானத்தில் கண்ணுக்குத் தூரம் தெரியாது, கோணம் மட்டும்தான் தெரியும். 30 கி.மீ. உயரத்தில் உள்ள ஒளி அடிவானத்திலிருந்து 20 டிகிரி மேலே தெரிந்தால் அதற்கு நேர்க்கீழ் உள்ள ஊர் 82 கி.மீ. தள்ளி இருக்கிறது. 10 டிகிரியில் தெரிந்தால் 170 கி.மீ. "தென்னந்தோப்புக்குப் பின்னால் இறங்கிச்சு" என்று ஒருவர் சொன்னால் அது பக்கத்து மாவட்டமாக இருக்கலாம், கடலாகவும் இருக்கலாம். தரையைத் தொடும்வரை எரிந்துகொண்டே வந்ததாகச் சொல்பவர்கள் பார்த்தது, அடிவானத்துக்குக் கீழே போய் மறைந்த ஒளியை.

ஆகவே பார்த்தவரிடம் "எங்கே விழுந்தது" என்று கேட்பதில் பயனில்லை. எந்த இடத்தில் நின்றீர்கள், எதற்கு நேர்மேலே ஒளி தோன்றியது, எதற்கு நேர்மேலே அணைந்தது, எத்தனை நொடி: இந்த நாலும் போதும். 40, 50 கி.மீ. இடைவெளியில் மூன்று பேர் இதைச் சரியாகச் சொன்னால் பாதையைக் கணக்கிட்டுவிடலாம். பகல் எரிகற்களுக்கு இது இன்னும் முக்கியம். பகலில் தெரியும் அளவுக்குப் பிரகாசமானவைதான் தரையில் கல் போடும் வாய்ப்புள்ளவை. ஆனால் எரிகல்லுக்கென்றே வைத்த கேமராக்கள் பெரும்பாலும் இரவில்தான் வேலை செய்கின்றன. பகலுக்கு மனிதக் கண்ணும் தெருக் கேமராவும்தான் சாட்சி.

உப்பளம் | ஜூன் 4, காலை 11.03

ஜெட் விமானமா என்று சந்தேகம் வந்தால் கோண வேகத்தைப் பாருங்கள். 30 கி.மீ. தள்ளிப் பறக்கும் பயணிகள் விமானம் நொடிக்கு அரை டிகிரிக்கும் குறைவாக நகரும். 100 கி.மீ. தள்ளிக் குறுக்கே போகும் எரிகல் நொடிக்கு எட்டு ஒன்பது டிகிரி. நீட்டிய கையின் முஷ்டி 10 டிகிரி. ஒரு நொடியில் ஒரு முஷ்டி தூரம் கடந்தால் அது விமானம் இல்லை.

எரிகல் பத்து நொடியைத் தாண்டுவது அபூர்வம். 1972 மாதிரி வளிமண்டலத்தை உரசிக்கொண்டு போவதுதான் நீளும். அரை நிமிடத்துக்கு மேல் மெதுவாக, பல துண்டுகள் வரிசையாகப் போனால் பழைய செயற்கைக்கோளோ ராக்கெட் பாகமோ திரும்பி வருகிறது. அதன் வேகம் நொடிக்கு 8 கி.மீ.-க்குக் கீழே. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டைச் சென்னையிலிருந்து பார்த்தால் வடக்கில் கீழிருந்து மேலே ஏறி நிமிடக்கணக்கில் தெரியும். சாயங்காலம் மேற்கே தாழ்வாகக் குட்டையாகச் செம்மஞ்சளில் இறங்குவதுபோல் தெரிவது பெரும்பாலும் வெயில் பட்ட விமானப் புகைக்கோடு. ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் அது அங்கேயே இருக்கும்.

கரிசல் | ஜூன் 4, இரவு 8.50

சரி, 1972 விமானம் இல்லை. ஒத்துக்கிறேன். நாளைக்கே ஒண்ணு பார்த்தா முதல் ஒரு நிமிஷம் என்ன செய்யணும்? போனை எடுக்கிறதுக்குள்ள போயிடுமே.

கோடைமலை | ஜூன் 4, இரவு 10.15

எரியும்போது போனை எடுக்க முயலவேண்டாம். ஐந்து நொடியில் முடிகிற விஷயம். போனைத் தேடினால் எங்கே தோன்றியது, எங்கே அணைந்தது இரண்டும் போய்விடும். கண்ணால் பாருங்கள். அணைந்த கணத்தில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். காலை நகர்த்தாதீர்கள்.

மிக முக்கியமானது இது. வீட்டுக்குள்ளோ வகுப்பிலோ இருக்கும்போது வெளியே திடீரென்று வெளிச்சம் அடித்தால் ஜன்னல் பக்கம் போகக்கூடாது. 2013 பிப்ரவரி 15 காலை 9.20-க்கு செல்யாபின்ஸ்க் வானில் வெளிச்சம் வந்ததும் ஜனங்கள் என்ன அது என்று ஜன்னலுக்கு ஓடினார்கள். இடத்தைப் பொறுத்து ஒன்றரை நிமிடம், இரண்டரை நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடியை அவர்கள் முகத்தில் உடைத்தது. ஏறத்தாழ 1,500 பேர் மருத்துவ உதவி தேடினார்கள், பெரும்பாலும் கண்ணாடிக் காயம். 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குச் சேதம். நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் தன் வகுப்பின் 44 குழந்தைகளையும் மேசைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். குழந்தைகளில் ஒருவருக்கும் காயமில்லை, அவருக்குத்தான் கண்ணாடி வெட்டியது. இதை ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கண்ணாடியை விட்டு விலகி ஐந்து நிமிடம் இருக்கவேண்டும். வெளியில் இருப்பவர் ஓட்டுக்கூரை ஓரத்திலும் கண்ணாடிச் சுவர் கட்டடத்தின் கீழேயும் நிற்கக்கூடாது.

அந்தக் கல் 19, 20 மீட்டர், சுமார் 12,000 டன், நொடிக்கு 19 கி.மீ. அந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோவும் டி.என்.டி.யைப்போல் 43 மடங்கு. பெருக்கினால் ஐந்து லட்சம் டன் டி.என்.டி. வரும். ஒளியின் உச்சம் 30 கி.மீ. உயரத்தில், அப்போது அது சூரியனைவிடப் பிரகாசம். முகத்தில் சூடு உணர்ந்தவர்கள் பலர், சிலருக்குத் தோலே சிவந்துவிட்டது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

உப்பளம் | ஜூன் 5, காலை 7.30

சத்தத்தைப் பற்றி. ஒளிக்குப் பிறகு சத்தம் வர ஆன நேரத்தை வைத்துத் தூரம் அறிய, ஒலி நிமிடத்துக்கு 20 கி.மீ. என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். தரை மட்டத்துக் காற்றுக்கு அது சரி. பத்துப் பதினைந்து கி.மீ. மேலே குளிர் அதிகம், ஒலி நொடிக்கு 300 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். 30 கி.மீ. உயரத்திலிருந்து நேர்க்கீழே வர 98, 100 நொடி ஆகும். நிமிடத்துக்கு 18 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் நெருங்கி வரும், மிச்சத்தைக் காற்று மாற்றும்.

முதலில் கேட்கும் "டமார்" பாதையில் உங்களுக்கு மிக அருகிலிருந்த புள்ளியிலிருந்து வருகிறது. அணைந்த இடத்திலிருந்து வருவதாக எடுத்துக்கொண்டால் கணக்கே திரும்பிவிடும். அதன்பின் வரும் உருட்டல், அடுக்கடுக்கான வெடிச்சத்தம் எல்லாம் பாதையின் தூரப் பகுதிகளும் உடைந்த துண்டுகளும். முதல் சத்தத்தின் நொடியைக் குறித்துவிட்டு, பத்து நிமிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒன்றுமே கேட்கவில்லை என்பதும் எழுதவேண்டிய தகவல்தான்.

கரிசல் | ஜூன் 5, காலை 9.05

வெளிச்சத்தோடவே "உஸ்ஸ்"னு கேட்டதா சொல்றவங்க இருக்காங்களே. ஒலி அவ்வளவு வேகமா வராதே?

கோடைமலை | ஜூன் 5, பிற்பகல் 1.20

வராது. ஆனால் சொல்பவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளவும் கூடாது. பல நாடுகளில், நூற்றாண்டுக்கணக்கில் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: வறுப்பதுபோல், சீறுவதுபோல். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு கொடுத்த விளக்கம் எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. எரிகல்லின் ஒளி நொடிக்குப் பலமுறை துடிக்கிறது. அந்தத் துடிப்பு பக்கத்திலுள்ள காய்ந்த இலை, தலைமுடி, கருந்துணி போன்றவற்றை மின்னல் வேகத்தில் சூடாக்கி ஆறவிடுகிறது. அவற்றை ஒட்டிய காற்று அதிர்ந்து சத்தமாகிறது. அதாவது சத்தம் பிறப்பது உங்கள் காதருகே. முழுநிலவு அளவுக்காவது பிரகாசம் இருந்தால்தான் நடக்கும். அப்படிக் கேட்டவர், தான் எதன் அருகில் நின்றார் என்பதையும் எழுதட்டும்: வைக்கோல் போரா, மரமா, வெட்டவெளியா.

உப்பளம் | ஜூன் 5, இரவு 9.44

அளக்கும் முறையை விரிவாகப் போடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான தகவல் வீணாவது இங்கேதான்.

திசைக்கு போன் காம்பஸை நம்பாதீர்கள். பால்கனி கிரில், பைக், இரும்பு கேட், கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி எல்லாம் அதை 10, 20 டிகிரி இழுத்துவிடும். ஒளி தோன்றியதும் அணைந்ததும் எதற்கு மேலே என்று பாருங்கள்: தண்ணீர்த் தொட்டியின் இடது ஓரம், செல்போன் கோபுரம், கோயில் கலசம். நீங்கள் நின்ற இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்த இடத்திலிருந்து கோபுரத்துக்கு ஒரு கோடு இழுத்தால் ஒரு டிகிரிக்குள் திசை கிடைக்கும். அடையாளமே இல்லாத வெட்டவெளியில்தான் காம்பஸ். முதலில் போனை எட்டுப் போடுவதுபோல் சுழற்றிவிட்டு, இரும்பிலிருந்து பத்தடி தள்ளி நின்று, மூன்று முறை எடுங்கள். தென்னிந்தியாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வேறுபடும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். சியாட்டிலில் இருப்பவர் 15 டிகிரி திருத்தவேண்டும்.

ஒரு டிகிரி பிழை 100 கி.மீ. தூரத்தில் 1.75 கி.மீ. ஐந்து டிகிரி என்றால் கிட்டத்தட்ட 9 கி.மீ. ஒரு தேடல் குழு நடந்து முடிக்கும் பரப்பா, முடியவே முடியாத பரப்பா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

உயரம் இன்னும் மோசம். அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதிவழி என்று கண் காட்டும் இடம் உண்மையில் 30 டிகிரி பக்கம்தான் இருக்கும். அதனால் "45 டிகிரி" என்று யார் சொன்னாலும் நான் 30 என்றே சந்தேகிப்பேன். கோணமானியின் நடுத்துளையில் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு வழியாகப் பார்த்து, நூல் நிற்கும் கோட்டைப் படித்து, 90-லிருந்து கழித்தால் ஏற்றக்கோணம். போனில் இதற்கு இலவச ஆப்கள் உண்டு, ஆனால் முதலில் ஒரு கட்டடத்தின் மேல்விளிம்பை அளந்து சரிபாருங்கள். அன்றே அளப்பது நல்லது. நாலு நாளில் ஞாபகம் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மாறிவிடும்.

கோடைமலை | ஜூன் 6, காலை 5.50

புகைத்தடம் பற்றி யாரும் எழுதவில்லை. பகலில் எரிகல் போனபின் வெள்ளையாகவோ சாம்பலாகவோ கோடு நிற்கும். இப்போதுதான் போன். ஜூம் செய்யாமல், தரையில் ஒரு கட்டடம் படத்துக்குள் வரும்படி, பத்துப் பதினைந்து நொடிக்கொரு படம். முதல் நிமிடத்துப் படம்தான் பாதைக் கணக்குக்கு. அதன்பின் மேல்காற்று தடத்தைப் பாம்பாக வளைத்துவிடும். அந்த வளைவும் வீணில்லை, எந்த உயரத்தில் எந்தப் பக்கம் காற்றடித்தது என்பதைச் சொல்லும்.

1947 பிப்ரவரி 12 காலை பத்தரை மணிக்கு மேல், சோவியத் நாட்டின் கிழக்கோரம் சிக்கோட்டே-அலின் மலைகளில் இரும்பு எரிகல் ஒன்று விழுந்தது. அதன் கரும்புகை பல மணி நேரம் வானில் நின்றது. அந்நேரம் வரைந்துகொண்டிருந்த ஓர் ஓவியர் காட்சியைப் பதிவுசெய்தார். பத்தாண்டு கழித்து அந்த ஓவியம் அஞ்சல்தலையாக வந்தது. அங்கே 20 டன்னுக்கு மேல் இரும்பு பொறுக்கப்பட்டது.

செல்யாபின்ஸ்க் தடம் இரட்டைக் கோடாகத் தெரிவதைப் பார்த்து இரண்டு கல் வந்ததாக நினைப்பவர்கள் உண்டு. ஒரே கல்தான். சூடான தூசிக் குழாய் மேலே எழும்பும்போது இரு சுழலாகப் பிரிந்துவிடும்.

கரிசல் | ஜூன் 6, இரவு 9.30

எங்க கடை வாசல்ல கேமரா இருக்கு, ஆனா வானத்தைப் பார்க்கல, தெருவைப் பார்க்குது. அதுல என்ன பிரயோஜனம்?

உப்பளம் | ஜூன் 6, இரவு 11.15

நிறைய. செல்யாபின்ஸ்க் நகரின் புரட்சிச் சதுக்கத்துக் கேமராவில் விளக்குக் கம்பங்களின் நிழல் தரையில் சுழல்வது பதிவாகியிருந்தது. கொலம்பியாவின் ஆன்டியோக்கியா பல்கலைக்கழகத்தின் சுலுவாகாவும் ஃபெரினும் அந்த நிழல்களை வைத்தே சில நாட்களில் பாதையையும் சூரியனைச் சுற்றிய அதன் பழைய வட்டணையையும் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 6 மீட்டர் கம்பத்துக்கு 10.4 மீட்டர் நிழல் விழுந்தால் ஒளி 30 டிகிரி உயரத்தில் இருந்தது. நிழல் எந்தப் பக்கமோ ஒளி அதற்கு எதிர்ப்பக்கம். டேப் இருந்தால் போதும். சூரிய நிழலும் கூடவே இருந்தால் குழம்பும், எரிகல்லின் ஒளி சூரியனோடு போட்டி போடும் அளவுக்கு இருந்தால்தான் தனி நிழல் தெரியும். சாதாரண பகல் எரிகல்லுக்கு இது உதவாது, வானம் ஒரு ஓரமாவது படத்தில் வேண்டும்.

கேமராவில் கெட்டுப்போகும் விஷயங்கள்: டி.வி.ஆர். (காட்சிகளைப் பதியும் பெட்டி) ஒன்றிரண்டு வாரத்தில் மேலெழுதிவிடும், அன்றே எடுங்கள். திரையை போனால் படம்பிடிக்காமல் மூலக் கோப்பையே பென்டிரைவில் ஏற்றுங்கள். டி.வி.ஆர். கடிகாரம் சில நிமிடம் பிசகியிருக்கும், அதன் திரையையும் போனின் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துவையுங்கள். கேமராவைத் துடைக்கக்கூட ஏறாதீர்கள், அரை டிகிரி அசைந்தாலும் போச்சு. அந்தக் காட்சியில் தெரியும் ஏழெட்டு அடையாளங்களின் திசையும் உயரமும் அளந்தால் அந்தக் கேமராவே அளவுகருவியாகிவிடும். இரவில் நட்சத்திரம் பிடிக்கும் கேமரா என்றால் இன்னும் எளிது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

சூரியன் சட்டகத்துக்குள் இருக்கும்போது நடுவைத் தாண்டி அதற்கு நேரெதிரே தெரியும் ஒளிப்பொட்டு லென்ஸின் உள்பிரதிபலிப்பு. லென்ஸ் முன் பறக்கும் பூச்சியும் வாலுடன் தெரியும்.

2000 மே 6 நடுப்பகலில் செக் குடியரசின் மொராவ்காவில் போன எரிகல்லை மூன்று பேர் வீடியோ எடுத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் ஸ்பர்னியும் போரோவிச்காவும் அந்த மூன்று இடங்களுக்கும் போய் நின்று அளந்து வட்டணையைக் கண்டார்கள். கல்லும் கிடைத்தது. பகல் எரிகல்லுக்கு நான் காட்டும் முன்மாதிரி அதுதான்.

கோடைமலை | ஜூன் 7, காலை 6.10

இன்றைய தேதிக்கு ஒரு சேர்க்கை. மேஷத்திலிருந்து வரும் அரியட்டிட் எரிகல் பொழிவு ஜூன் 7 ஒட்டி உச்சம். வலுவான பொழிவு, ஆனால் அதன் கதிர்ப்புள்ளி (எரிகற்கள் கிளம்பி வருவதுபோல் தெரியும் இடம்) சூரியனுக்கு 30 டிகிரி பக்கத்திலேயே இருப்பதால் கிட்டத்தட்ட முழுவதும் பகலில் போய்விடும். விடியலுக்குச் சற்றுமுன் கிழக்கே தாழ்வாக ஒன்றிரண்டு தெரியலாம். இப்படிப் பகல் பொழிவுகள் இருப்பதை 1947 கோடையில் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானாய்வுக் குழுதான் ரேடாரில் கண்டுபிடித்தது.

இவற்றைக் கண்ணால் தேடாதீர்கள், மணல் துகள்கள் பகலில் தெரியாது. வானொலியில் கேட்கலாம். 800-லிருந்து 2,000 கி.மீ. தள்ளியுள்ள, நேரடியாக எட்டாத ஒரு வி.எச்.எப். (எப்.எம். போன்ற) நிலையத்தின் அலைவரிசையில் ரேடியோவை நிறுத்தி, யாகி ஆன்டெனாவை (பழைய மாடி டி.வி. ஆன்டெனா மாதிரி) அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். எரிகல் விட்டுச்செல்லும் அயனித் தடத்தில் (மின்னேற்றம் பெற்ற காற்றில்) அலை பட்டுத் தெறிக்கும்போது அந்த நிலையம் அரை நொடி, ஒரு நொடி கேட்டு மறையும். நம்மூர் எப்.எம். அலைவரிசைகள் நெருக்கம், உள்ளூர் நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடைவெளியைப் பிடிப்பதுதான் பாதி வேலை.

கரிசல் | ஜூன் 9, இரவு 8.20

அளந்தாச்சு, பாதை தெரிஞ்சாச்சு. கல்லு எங்க கிடக்கும்? கோட்டை நீட்டினா போதுமா?

கோடைமலை | ஜூன் 9, இரவு 11.50

போதாது. இங்கேதான் நிறையத் தேடல்கள் தவறான ஊரில் நடக்கின்றன. வேகம் நொடிக்கு 3, 4 கி.மீ.-க்குக் கீழே இறங்கியதும் ஒளி அணைந்துவிடும், பொதுவாக 30-லிருந்து 15 கி.மீ. உயரத்துக்குள். அதன்பின் கல் ஒளியின்றி, கிட்டத்தட்ட நேர்க்கீழாக, காற்று தள்ளிய பக்கம் விழுகிறது. 25 கி.மீ.-லிருந்து ஒரு கிலோ கல் தரைக்கு வர சுமார் மூன்று நிமிடம், கடைசி வேகம் நொடிக்கு 70 மீட்டர். 10 கிராம் கல்லுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல், வேகம் 33 மீட்டர். இடையில் சராசரியாக நொடிக்கு 20 மீட்டர் காற்று என்றால் பெரியது மூன்றரை கி.மீ., சின்னது ஏழெட்டு கி.மீ. தள்ளிப்போகும். பாதையின் முன்பக்கம் பெரிய கற்கள், பின்னால் சின்னவை என்று கற்கள் சிதறும் நீள்வட்டத்தைக் காற்று பக்கவாட்டில் இழுத்துவிடும்.

தமிழ்நாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதை மறக்கவே கூடாது. தரையில் மேற்கிலிருந்து காற்றடிக்கும், 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடும். தரைக்காற்றை வைத்துத் தேடுபவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். சென்னை மீனம்பாக்கத்தில் வானிலைத் துறை காலை, மாலை 5.30 நேரக் கணக்குக்குப் பலூன் விடுகிறது. நிலைய எண் 43279. வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் உயரவாரியாகக் காற்று விவரம் கிடைக்கும். நிகழ்வுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டையும் எடுங்கள்.

டாப்ளர் வானிலை ரேடார் இருந்தால் இன்னும் குறுக்குவழி. 2012 ஏப்ரல் 22 காலை 7.51-க்கு கலிபோர்னியாவில் பகல் வெளிச்சத்தில் ஒன்று வந்தது, நொடிக்கு 28.6 கி.மீ. விழுந்துகொண்டிருந்த கற்களை ரேடாரே காட்டியது. இரண்டு நாளில் சட்டர்ஸ் மில் பகுதியில் முதல் கற்கள் கிடைத்தன. உடனே மழை வந்தது. கரிமப் பொருள் மிகுந்த கல் அது, மழையில் நனைந்தவை மாறிப்போயின. மழைக்கு முன் எடுத்த சிலவற்றுக்குத்தான் ஆய்வில் தனி மதிப்பு.

கரிசல் | ஜூன் 10, காலை 7.15

சூடா இருக்குமா, தொட்டா சுடுமா? 2016-ல வேலூர் பக்கம் ஒரு காலேஜ்ல விழுந்ததுன்னாங்களே, அதுவும் பகல்தானே?

கோடைமலை | ஜூன் 10, காலை 10.30

சுடாது. மேல்தோல் மட்டும் சில நொடி உருகியது, உள்ளே விண்வெளிக் குளிர், கடைசி மூன்று நிமிடத்தில் பெரும்பகுதியும் உறைபனிக் காற்றில் வருகிறது. புல்லைக் கருக்கியது, வைக்கோலைக் கொளுத்தியது என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

வேலூர் நிகழ்வில் ஓர் உயிர் போனது, கவனமாகப் பேசவேண்டும். 2016 பிப்ரவரி 6 நடந்ததை விண்கல் என்று அரசு சொன்னது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள் தரையில் நடந்த வெடிப்பு போலிருக்கிறது என்றார்கள். உறுதிசெய்யப்பட்ட விண்கல் விழுகைகளில் அது சேரவில்லை. பகலில் ஒரு கல் அப்படி வந்தால் பல மாவட்டங்களில் ஒளியும் இடியும் இருக்கவேண்டும் என்ற அளவுகோலை முதலில் வைத்துப் பாருங்கள்.

உறுதியான தமிழ்நாட்டுப் பகல் விழுகை வேண்டுமென்றால் 1857 பிப்ரவரி 28, நண்பகல், அன்றைய மதுரை மாவட்டம். 'பர்னல்லி' என்று உலகப் பட்டியல்களில் இருக்கிறது. மொத்தம் 77 கிலோவுக்கு மேல். பெரிதாக வெப்ப மாற்றம் அடையாத கல் என்பதால் ஆய்வாளர்கள் இன்றும் அதை வெட்டிப் பார்க்கிறார்கள். நம் மண்ணில் விழுந்த ஒன்றை நம் பாடப்புத்தகங்கள் சொல்லாதது எனக்கு வருத்தம்.

கருங்கல் | ஜூன் 12, மாலை 5.40

கல்லைக் கையில் எடுப்பவர்களுக்கு. புதிதாக விழுந்த கல்லுக்கு ஒரு மி.மீ.-க்கும் குறைவான மங்கிய கருந்தோல் இருக்கும், உடைந்த இடத்தில் உள்ளே வெளிர்சாம்பல். சிலவற்றில் பிசைந்த மாவில் கட்டைவிரல் அழுத்தியதுபோல் குழிகள். உள்ளே காற்றுக்குமிழி ஓட்டைகள் இருந்தால் அது இரும்பாலைக் கசடு அல்லது செங்கல் சூளைக் கட்டி. நம் பக்கம் கொண்டுவரப்படுபவற்றில் இவையும் செம்புறை உருண்டைகளும் ரயில் ஜல்லியும்தான் அதிகம்.

காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கடையில் விற்கும் நியோடிமியம் காந்தம் ஒருமுறை தொட்டாலே கல்லுக்குள் நானூறு கோடி ஆண்டுக்கு மேல் இருந்த காந்தப் பதிவு அழிந்துவிடும். காம்பஸ் ஊசி அருகே கல்லைக் கொண்டுபோய் ஊசி அசைகிறதா என்று பாருங்கள், அது போதும். தண்ணீரில் அமுக்கி அடர்த்தி பார்ப்பது, ஓட்டின் பின்பக்கம் தேய்த்துக் கோடு பார்ப்பது எல்லாம் வருடக்கணக்கில் கிடந்த சந்தேகக் கல்லுக்கு. அதில் சாதாரண விண்கல் தண்ணீரைப்போல் 3.2-லிருந்து 3.7 மடங்கு கனம் காட்டும், கிரானைட் 2.7. நேற்று விழுந்ததை நனைக்கவே கூடாது.

எடுக்கும் முன் கிடந்த நிலையில் அளவுகோல் வைத்துப் படம், ஜி.பி.எஸ். எண். வெறுங்கை படாமல் அலுமினியத் தாளில் எடுத்து, சுத்தமான பையில் போட்டு, நேரத்தை எழுதுங்கள். கனடாவின் டாகிஷ் ஏரியில் 2000 ஜனவரியில் உறைந்த பனிமேல் விழுந்ததைக் கண்டவர் கைபடாமல் பிளாஸ்டிக் பையில் எடுத்து உறைநிலையிலேயே வைத்திருந்தார். அதனால்தான் அதிலுள்ள எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்களை ஆய முடிந்தது.

உப்பளம் | ஜூன் 13, காலை 8.00

பார்த்ததைப் பதிய சர்வதேச எரிகல் அமைப்பின் தளத்தில் படிவம் இருக்கிறது. நாசா ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் தீப்பந்து (மிகப் பிரகாசமான எரிகல்) பட்டியலில் அமெரிக்க அரசு உணரிகள் கண்டவை நேரம், இடம், உயரம், ஆற்றலுடன் வரும், சில நாள் தாமதமாக. 2018 டிசம்பர் 18-ல் பெரிங் கடல் மேல் 173 கிலோடன் (1,73,000 டன் டி.என்.டி. அளவு) வெடிப்பு ஒன்று நடுப்பகலில் நடந்ததை உலகம் அறிந்தது அதில்தான். ஆளில்லாக் கடல், யாரும் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு தேடியபோது வானிலைச் செயற்கைக்கோள் படங்களில் புகைத்தடம் இருந்தது.

கரிசல் | ஜூன் 30, இரவு 9.10

இன்னைக்கு துங்குஸ்கா நாள், 1908-ல சைபீரியா வானத்துல பெரிய வெடிப்பு நடந்த நாள். காலை ஏழு மணிக்கு மேல, அதுவும் வெளிச்சத்துலதான். இந்த இழையை எங்க ஊர் பள்ளி அறிவியல் மன்றத்துக்குப் படிச்சுக் காட்டினேன். பசங்க கேட்ட கேள்வி: கல்லு கிடைச்சா ஆய்வுக்கு மொத்தமா குடுத்துடணுமா?

கருங்கல் | ஜூலை 1, காலை 6.45

முதலில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். நாட்டின் விண்கல் சேகரம் அவர்களிடம் கொல்கத்தாவில் இருக்கிறது. ஒரு புதுக் கல்லுக்கு உலக அளவில் பெயர் பதிய, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்றில் மாதிரி வைத்திருக்கவேண்டும்: மொத்த எடையில் 20 சதவீதம் அல்லது 20 கிராம், எது குறைவோ அது. 50 கிராம் கல் என்றால் 10 கிராம். மீதியை என்ன செய்வது என்பதைத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். எடையைக் கண்டெடுத்த அன்றே அரை கிராம் துல்லியத் தராசில் போட்டுக் குறித்துவையுங்கள், வெட்டும்போது கொஞ்சம் தூளாகப் போகும்.